சின்னத் தட்டும் ஒரு பொன்னுருக்கும்

மகனே,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்ததும் கோபம் வந்தது. தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு இன்னொரு முறை வாசித்தேன், சிரிப்பு வந்தது. இப்போது இரண்டும் இல்லை. பதில் மட்டும் இருக்கிறது, அது ஒரே சொல்: ஏலாது. அங்கே கொழும்பில் உனக்குக் கந்தோர் வேலை தலைக்கு மேல் இருந்தால் இந்த இடத்தோடு மடித்து வைத்துவிடலாம். ஆனால் நீ என் வயிற்றில் பிறந்தவன், காரணம் கேட்காமல் எதையும் விடமாட்டாய். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நீ கேட்டவற்றை உனக்கே ஒரு தரம் திருப்பிச் சொல்கிறேன், எழுதும்போது உறைக்காதது வாசிக்கும்போதாவது உறைக்கட்டும். "அம்மா, நீங்கள் மனம் நோகக் கூடாது" என்று தொடங்கி, மனம் நோகிற எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாய். பொன்னுருக்கு அன்று பெண் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார்கள். தாலிக்குரிய பொன்னை உருக்கக் கொடுக்கும் நேரத்தில் நான் குசினியில் இருக்க வேண்டும். புருசன் இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாதாம், எனக்குப் பதிலாகச் சின்னம்மா நிற்கட்டுமாம். விறாந்தையில் சாத்தி வைத்திருக்கிற மெசினை அலுமாரிக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு சீலையைப் போட்டு மூட வேண்டும். யாராவது கேட்டால், அப்பாவின் பென்சனில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். உன் அப்பாவுக்குப் பென்சன் கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடச் சப்பாத்தும் பட்டணத்துப் படிப்பும் எங்கிருந்து வந்தன என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறாய், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்த மெசின் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது நீ பிறக்க முந்திய கதை. உன் அப்பா துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படையின் தளத்தில் மின்சார வேலை செய்தவர். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களின் பின் தளத்தைக் கையளித்துவிட்டு அவர்கள் கப்பலேறினார்கள், வேலை செய்த எங்கள் ஆட்கள் கரையில் நின்றார்கள். போகும் முன் வேண்டாத சாமான்களை ஏலம் விட்டார்கள். எங்கள் லிங்கநகருக்குக் கதிரையும் கட்டிலும் மேசையுமாக வந்து இறங்கின. உன் அப்பா தோளில் சுமந்து வந்தது, உலக யுத்த காலத்தில் கண்ணிவெடி தேடிய மெசின். ஒரு நீட்டுத் தடி, அதன் நுனியில் வட்டமான பெரிய தட்டு, முதுகில் மாட்ட ஒரு பெட்டி, காதுக்கு ஹெட்போன். "இதைக் காய்ச்சிக் குடிக்கிறதோ?" என்று கேட்டேன். "பொறும் பாப்பம், இது சோறு தேடித் தரும்" என்றார். அது அப்போது வேலை செய்யவும் இல்லை. திருத்தி எடுக்கவே ஒரு மாரி போனது.

தட்டுக்குள்ளே செப்புக் கம்பி சுற்றியிருக்கும். கீழே உலோகம் இருந்தால் காதில் கேட்கிற ஒலி மாறும். அவ்வளவுதான் அதன் மந்திரம். மிச்சமெல்லாம் தட்டின் அளவிலும் வடிவத்திலும் இருக்கிறது. உன் அப்பாவுக்கு முதலில் பெரிய தட்டு ஆசை பிடித்தது. தட்டு பெருத்தால் ஆழம் பார்க்கும் என்பது மெய்தான். வண்டிச் சில்லளவில் ஒன்று செய்தார். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கலாம், அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். முதல் நாள் அது ஓயாமல் கத்தியது. என்ன புதையலோ என்று பார்த்தால், அவருடைய சப்பாத்து லாடத்துக்கும் என்னுடைய காப்புக்கும் கத்துகிறது. பிறகு அவர் வெறுங்காலோடும் நான் வெறுங்கையோடும் அதைத் தூக்கிக்கொண்டு, வேலி போடாத சேற்றங்கரையில் நடந்தோம். அங்கேதான் ஆழத்தில் புதைந்து கிடந்த நங்கூரச் சங்கிலி அகப்பட்டது. கிண்ணியாவிலிருந்து பழைய இரும்பு வாங்க வருகிற முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், மாடுகளைக் கட்டி அதை இழுப்பித்தார். நீ படுத்து வளர்ந்த அறைக்கு மேலே இருக்கிற ஓடு அந்தச் சங்கிலி விற்ற காசுதான். ஆனால் அதே தட்டின் கீழே ஒரு மோதிரத்தைப் போட்டுப் பார், மெசின் வாயே திறக்காது. பெரியது பெரியதைத்தான் பார்க்கும். நாலு ஆணியும் ஒரு சோடா மூடியும் கிட்டக் கிட்டக் கிடந்தால், அதற்கு எல்லாம் சேர்ந்து ஒரே சத்தம்.

சின்னத் தட்டு என்னுடைய அரிதட்டில் பிறந்தது. இடியப்பத்துக்கு மா அரிக்கவென்று வாங்கி இன்னும் மா படாத புது அரிதட்டு. காலையில் எழும்பி வந்தால் மனுசன் அதன் வலையை வெட்டி எறிந்துவிட்டு மர வளையத்தை வெந்நீரில் ஊறப் போட்டிருக்கிறார். நான் போட்ட சத்தம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி வரைக்கும் கேட்டிருக்கும். அவர் வளையத்தை இரண்டு பக்கமும் நெரித்து முட்டை வடிவமாக்கிக்கொண்டே பதில் சொன்னார்: "கல்லிடுக்குக்குள்ள வட்டம் போகாது. இது ஒடுங்கிப் போகும். ஒடுங்கினாலும் நீளம் இருக்கிறபடியால் தேடுற இடம் குறையாது. நீர் கத்துறதை விட்டிட்டு இந்தக் கம்பியைச் சுத்தும் பாப்பம்." கம்பியை ஒருவர் இழுத்துப் பிடிக்க மற்றவர் சுற்ற வேண்டும். தளர்ந்தால் மெசின் பொய் சொல்லும். பிடித்தது அவர், சுற்றியது நான். மேலே உப்புத்தண்ணீர் புகாமல் வள்ளத்துக்குப் பூசுகிற குங்கிலியத்தைக் காய்ச்சிப் பூசினோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் இடியப்பம் இல்லை. பாணும் சம்பலும்தான்.

நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். எழுத இலகுவாக இருக்கிறது. அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு சொந்தக்காரர் கூடியிருந்து என் காலத்தைத் தீர்மானித்தார்கள். மெசினைக் காக்காவுக்கு விற்கலாம், வீட்டை வாடகைக்கு விடலாம், நான் உன் மாமா வீட்டில் ஒரு மூலையில் இருக்கலாம். மூலையைக் கூடச் சொன்னார்கள், நெல்லு மூடை அடுக்குகிற மூலை. எல்லாரும் கதைத்து முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். அடுத்த நாள் காலை ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அதில் ஒரு வசதி இருக்கிறது மகனே, மாட்டினால் ஊர்க் கதை கேட்காது. கதைத்த வாயெல்லாம் கதைத்துக் களைத்தது. நான் களைக்கவில்லை. மீன்பிடிகாரரின் நங்கூரம், குளிக்க வந்தவர்களின் மோதிரம், காதுத்தோடு என்று தேடிக் கொடுத்தேன். மூதூரில் வயல் சேற்றுக்குள் உழவு மெசினின் பாகம் ஒன்று விழுந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள், லோஞ்சில் போனேன். எடுத்துக் கொடுத்ததும் அந்த வீட்டுப் பெரியவர் முற்றத்தில் கதிரை போட்டு, "இருங்க மெசின் தங்கச்சி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். நான் யாருடைய மனைவி, யாருடைய விதவை என்று அவர் கேட்கவில்லை. மெசினை எங்கே சாத்தி வைத்தால் வெயில் படாது என்றுதான் பார்த்தார்.

இனிச் சரசு அக்காவின் கதை. நாங்கள் தை மாதத்தில் போய்ப் பார்த்து வருகிற, நீ அக்கா என்று கூப்பிடுகிற அதே சரசு அக்கா. அவள் எப்படி எங்களுக்கு உறவானாள் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒரு தீர்த்தத் திருவிழா நாள். சனம் முழுக்கக் கடலில் குளிக்கிறது. அவள் அப்போது புதுப் பெண்சாதி. ஒரு அலை அடித்து அவளைக் கல்லுகளுக்கு மேலே புரட்டிவிட்டது. எழும்பிப் பார்த்தால் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. சைக்கிளில் ஒரு ஆள் எங்கள் படலைக்கு வந்து நின்றார். "மெசின் அக்கா, கெதியாய் வாங்கோ. அங்க ஒரு பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் நிக்குது."

போனேன். ஆனால் பெரிய தட்டை எடுத்துக்கொண்டு போனேன். சனம் பார்த்துக்கொண்டிருக்கும், எடுப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை. எங்கள் கரை மண் உனக்குத் தெரியும். புல்மோட்டைப் பக்கம் குவிந்து கிடக்கிற கறுப்பு மண், அலை கொதித்த பிறகு இங்கேயும் கோடு கோடாகப் படிந்திருக்கும். அந்த மண்ணிலேயே இரும்பு இருக்கிறது. பெரிய தட்டு ஒரே நேரத்தில் நிறைய மண்ணைப் பார்ப்பதால் காலடி முழுவதும் பொன் கிடக்கிற மாதிரி இரைந்தது. எங்கே வைத்தாலும் சத்தம். எங்கேயும் சத்தம் என்றால் எங்கேயும் இல்லை என்றுதான் அர்த்தம். சரசு அக்காவின் மாமியார், அவளுடைய புருசனைப் பெற்றவர், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "தாலி அறுத்தவளின்ர கையில பிடிச்ச மெசின் தாலியைக் காட்டுமோ? ஆரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்?"

நான் மெசினைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். பின்னால் சிரிப்புக் கேட்டது. ஓடிவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பெரிய தட்டைக் கழற்றி அரிதட்டுத் தட்டைப் பூட்டிக்கொண்டு வந்தேன். என்னைத் திரும்பக் கண்டதும் சனம் வழி விட்டது. அந்தச் சின்னத் தட்டு கொஞ்ச மண்ணைத்தான் பார்க்கும், அதனால் கறுப்பு மண்ணின் இரைச்சல் அடங்கிவிட்டது. முட்டையின் ஒடுங்கின பக்கத்தைக் கல்லிடுக்குகளுக்குள் விட்டு விட்டுத் தேடினேன். முதலில் பெரிதாக, வடிவாகக் கேட்டது. தோண்டினால் சோடா மூடி. அடுத்ததும் அப்படித்தான். ஒவ்வொரு மூடிக்கும் சனத்தில் ஒரு பெருமூச்சு. அலையோ வந்து வந்து மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தாலி ஆழத்துக்கு இறங்கிவிடும், பிறகு எந்தச் சின்னத் தட்டும் அதைக் காணாது.

கடைசியில் கேட்டது, மெல்லிய ஒரு முனகல். கொடி எவ்வளவு கனத்தாலும் மெசினுக்கு அது ஒவ்வொரு சின்ன வளையமாகத்தான் தெரியும். கேட்டது தாலியின் குரல்தான். சிரட்டையால் மண்ணை அள்ளினேன். இரண்டாம் அள்ளலில் மஞ்சளாய்த் தெரிந்தது. மாமியார் கத்தினார்: "தொடாத, தொடாத. அங்கால நில். சுமங்கலி ஆரும் வந்து எடுக்கட்டும்." அடுத்த அலை வந்துகொண்டிருந்தது. நான் தொட்டேன். தொட்டது மட்டுமில்லை, எடுத்து உதறி, கொடியோடு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றேன். யார் கையில் கொடுப்பது என்று பார்த்தேன். ஒருவரும் கை நீட்டவில்லை.

அப்போது சரசு அக்கா வந்தாள். நனைந்த சீலை, கல்லில் உரசின முழங்கையில் இரத்தம். எனக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் ஏந்தினாள். "தாங்கோ அக்கா." மாமியார் என்னவோ சொல்லத் தொடங்கினார். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "மாமி, உங்கட மகன் உயிரோட உங்களுக்குப் பக்கத்திலதான் நிக்கிறார். ஆற்ற கை பட்டால்தான் என்ன கிடக்கு? இந்த அக்கா தேடித் தந்திராட்டி இண்டைக்கு நான் வெறுங்கழுத்தோடதான் வீட்ட வாறனான்." வாங்கினாள். அந்த இடத்திலேயே புருசனைக் கூப்பிட்டுப் பூட்டச் சொன்னாள். அந்த மனுசன் இன்றைக்கும் இருக்கிறார். தலை வழுக்கை, வயிறு முன்னுக்கு, காய்ச்சல் என்று ஒரு நாள் பாயில் படுத்ததில்லை. என் கை பட்ட தாலிக்கு வந்த கேடு அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். வெற்றிலையில் வைத்து ஒரு பவுண் நாணயம் தந்தாள். கூலி வேண்டாம் என்றேன். "கூலி இல்லை அக்கா. இது உங்கட மகன்ர பொன்னுருக்குக்கு. ஆனால் நீங்கள்தான் உங்கட கையால எடுத்துக் குடுக்க வேணும். வேற ஆரும் எடுத்துக் குடுத்ததாய்க் கேள்விப்பட்டனோ, நான் உங்களோட கதைக்க மாட்டன்." நான் ஓம் என்றேன். நீ அப்போது முற்றத்தில் சோடா மூடிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து அந்தப் பவுண் என் றங்குப்பெட்டியில் இருக்கிறது. அரிசி இல்லாத நாளிலும் அதை நான் எடுக்கவில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். "பெண் வீட்டார் விரும்பமாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாய். யார் அந்தப் பெண் வீட்டார்? அந்தப் பிள்ளை சொன்னாளா? அவளுடைய அம்மா சொன்னாவா? அல்லது கலியாணப் பேச்சில் எந்த வீட்டிலும் ஒருவர் இருப்பாரே, எல்லாவற்றுக்கும் தொண்டையைச் செருமுகிற பெரியப்பா, அவர் சொன்னாரா? அல்லது ஒருவரும் சொல்லாமலே நீயாக நினைத்துக்கொண்டாயா? எனக்கு என்னவோ கடைசியாகச் சொன்னதுதான் என்று சந்தேகம். நீ பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். ஒரு குடும்பம் முழுவதும் உனக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. அதைக் கழற்றி வை. ஒவ்வொருவரிடமும் கிட்டப் போய்க் கேள். முதலில் அந்தப் பிள்ளையிடம் கேள். நாளைக்கு அவளோடு வாழும்போதும் இதைத்தான் செய். கோபத்தில் அவள் சொல்கிற ஒரு சொல்லுக்குள் நாலு ஆணியும் ஒரு மோதிரமும் கிடக்கும். தோண்டிப் பார்க்காமல் குப்பை என்று காலால் தள்ளிவிடாதே. பெரிதாகக் கேட்கிறதெல்லாம் பொன் என்றும் நம்பிவிடாதே, சோடா மூடியைப் போல வடிவாகக் கத்துகிற சாமான் உலகத்தில் வேறு இல்லை.

அவள் உண்மையாகவே வேண்டாம் என்றால், அதை அவளே எனக்கு ஒரு வரி எழுதட்டும். நான் கோபிக்கமாட்டேன், அவளோடு வாதாடுவேன். மருமகளோடு வாதாடுவது எனக்கு உள்ள உரிமை, அதையும் சின்னம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லிவிடாதே. சின்னம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "நான் நிக்கமாட்டன். அக்கா இருக்கிற வீட்டில நான் ஏன் முன்னுக்கு நிக்கிறது? உவனுக்குக் கொழும்புத் தண்ணி ஒத்துக்கொள்ளயில்லை" என்றுவிட்டுப் போய்விட்டாள். ஆகவே அந்த வழியும் அடைத்துப் போயிற்று.

நடக்கப் போவதைச் சொல்கிறேன். பொன்னுருக்கு அன்று நான் விடிய எழும்பி முழுகி, உன் அப்பா கடைசியாக வாங்கித் தந்த நீலச் சீலையை உடுப்பேன். வெள்ளை உடுக்கமாட்டேன். மெசின் விறாந்தையில் இருக்கிற இடத்தில் இருக்கும். தடியைத் துடைத்து, முட்டைத் தட்டுக்குப் புதிதாகக் குங்கிலியம் பூசி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் என்ன சாமான் என்று கேட்டால், இதுதான் என் மகனைப் படிப்பித்தது என்று சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். சரசு அக்கா புருசனோடு வருகிறாள், முன் கதிரை அவர்களுக்கு. கும்பத்துக்கு முன்னால் பத்தர் பொன்னை உருக்கக் கரிச்சட்டியை மூட்டி இருப்பார். தேங்காய் உடைத்ததும் நான் குசினியிலிருந்து இல்லை, கூடத்தின் நடுவிலிருந்து எழும்பி வருவேன். வெற்றிலையில் அந்தப் பவுணை வைத்து, பத்தருக்குக் கொடுக்கச் சொல்லி உன்னிடம் நீட்டுவேன்.

உன் மேல் எனக்கு உள்ள அன்பு இந்தக் கடிதத்தில் குறைவாகத் தெரிந்தால் அது என் எழுத்தின் குற்றம். நீதான் என் உயிர். அதனால்தான் உனக்கு முன்னால் ஒளிந்து நிற்க என்னால் ஏலாது. வேறு எவனுடைய கலியாணமாக இருந்தாலும் நான் குசினிக்குள் இருந்து பலகாரம் சுட்டிருப்பேன், எனக்கென்ன.

அன்றைக்குக் கரையில் அத்தனை சனம் நின்றது. என் கையில் இருந்ததை வாங்க ஒருத்திதான் வந்தாள், இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு. இந்த முறையும் நான் நீட்டிக்கொண்டு நிற்பேன் மகனே. கை ஏந்துவது உன் பாடு.

உன்னைப் பெற்றவள்